கறுப்புக்குக் கீழே மஞ்சள்

சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு ஷாக் அப்சார்பரை வைத்திருக்கிறேன். அது மெல்லக் கசிகிறது. தலையங்கப் பக்கம் முழுவதும் எண்ணெய். மல்லிகா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். சாப்பிடுகிற இடத்தில் இதை வைக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். மண்ணெண்ணெய், பழைய எண்ணெய், ரப்பர் மூன்றும் கலந்த வாடை. புளி வாடையைக் கழித்துவிட்டால் உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை இதுதான்.

உருளையின் ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம், பட்டறையில் கரீம் பாய் துணியால் துடைத்த இடத்தில், மஞ்சள்.

இந்த மஞ்சளை எனக்குத் தெரியும். இது உன்னுடையது. இதைக் கேலி செய்து நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆனால் போன வாரம் இதைக் கழற்றியது என் வண்டியின் அடியிலிருந்து.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயம் என்று உனக்குத் தெரியும். அதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். ஒரு வாரமாக என்னுடைய பல அபிப்பிராயங்கள் அந்த நிலைமையில்தான் இருக்கின்றன.

நாம் சந்தித்ததே ஓர் ஏலத்தில். மாவட்டம் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாகப்பிரிவினையில் வந்த நாற்காலிகள், அலமாரிகள், ஜீப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக உயிரை விட்டுக்கொண்டிருந்த காலம். வேங்கிக்காலில் ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு ஜீப்புகள் நின்றன. ஒரே வருடம், ஒரே நிறம், அடுத்தடுத்த எண். உபயோகத்துக்கு லாயக்கற்றவை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. நான் கால்நடை மருத்துவன். விற்கிறவன் உண்மையைச் சொல்லி நான் பார்த்த முதல் சந்தை அது. பல்லைப் பிடித்துப் பார்க்க வழியில்லாததால் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்று போதும். ஆனால் இரண்டும் சேர்ந்துதான் ஒரே உருப்படி, பிரித்துத் தர விதியில்லை என்றார் ஏலம் விட்ட அதிகாரி. அப்போதுதான் நீ பக்கத்தில் வந்து நின்றாய். நமக்குள் அறிமுகம் கிடையாது.

"இன்னா சார், உங்களுக்கும் ஒண்ணுதான் வேணுமா? வாங்க, சேர்ந்து எடுக்கலாம். ரெட்டைப் புள்ளைங்கள ஆளுக்கு ஒண்ணா தத்து எடுத்துக்கற மாதிரி."

எடுத்தோம். எது யாருக்கு என்று சிகரெட் அட்டையைக் கிழித்துச் சீட்டுப் போட்டாய். ஹாரன் அடிக்கிற வண்டி உனக்குப் போயிற்று. அடிக்காதது எனக்கு. "டாக்டருக்கு ஹாரன் எதுக்கு? மாடு கத்தினா போதாதா?" என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு டாக்டரு. நீ எனக்கு யோவ்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த கால்நடை மருந்தகமும் அதை ஒட்டிய குடியிருப்பும் எனக்கு. உனக்கு அடி அண்ணாமலையில் வீடு, ஜமுனாமரத்தூரில் வியாபாரம். காலி வண்டியோடு மலை ஏறி, சாமை, புளி, கடுக்காய், தேன் என்று ஏற்றிக்கொண்டு இறங்குவாய். வழியில் என் மருந்தகத்தில் நிறுத்தி ஒரு டீ. அந்த டீ பன்னிரண்டு வருடம் நீடித்தது.

அந்த ஜீப்புகள் குலுக்கிய குலுக்கலைப் பற்றி அதில் உட்காராதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்துக் கமான் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியவை. பள்ளத்தில் விழுந்தால் அவை வளைந்து கொடுக்கும் என்பது ஏற்பாடு. நம்முடையவை அரசாங்கத்தில் வேலை பார்த்தவை. வளைந்து கொடுப்பதில்லை என்று தீர்மானமாக இருந்தன. மூட்டை ஏற்றினால் கொஞ்சம் சமாளிக்கும். காலியாகப் போனால் கல்லின்மேல் உட்கார்ந்து போவதுதான்.

அதே கம்பெனி, அதே ஜீப்பில் டீலக்ஸ் என்று ஒரு மாடல் விட்டிருந்ததை எங்கிருந்தோ கண்டுபிடித்தாய். அதற்கு நீளமான, மெல்லிய ஆறு பட்டைகள். காற்றும் எண்ணெயும் அடைத்த, மஞ்சள் வண்ணம் பூசிய ஷாக் அப்சார்பர்கள். சாதா வண்டிக்குக் கறுப்பு. "பாத்தியா டாக்டரே. ஏழைக்குப் பட்டை ஜாஸ்தி, சொகுசு கம்மி. பணக்காரனுக்குப் பட்டை கம்மி, சொகுசு ஜாஸ்தி. இன்னா கணக்கு இது?"

வேலூரில் கம்பெனி சாமான் கடைக்கு நீ போன அன்று தடுப்பூசி மருந்து வாங்க நானும் வந்திருந்தேன். கடைக்காரர் உன் வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். உன் வேட்டியில் இருந்த புளிக்கறையையும் பார்த்தார்.

"இது டீலக்ஸ் சாமானுங்க. உங்க வண்டி சாதா."

"துளை ஒண்ணா, வேறயா?"

அவர் தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "துளை ஒண்ணுதான்."

"போல்ட்டு?"

"அதே போல்ட்டுதான்."

"அப்புறம் இன்னா?"

அவர் யோசித்தார். "வழக்கம் இல்லீங்க. சாதா வண்டி வெச்சிருக்கறவங்க இதைக் கேக்கறதில்ல."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "கேட்டியா டாக்டரே? துளைய எல்லாருக்கும் ஒண்ணாதான் போட்டு வெச்சிருக்கான். நாமதான் கேக்கறதில்ல."

நான் படித்த தடித்தடிப் புத்தகங்கள் பலவற்றில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு அந்த வாக்கியத்தைத் திருடி என் பெயரில் போட்டுக்கொண்டேன்.

கடையில் இருந்தது ஒரே ஒரு செட், பட்டையும் உருளையும் சேர்த்து. டீலக்ஸ் மாடல் விற்கவில்லை, கம்பெனி நிறுத்திவிட்டது, இனி வராது என்றார் கடைக்காரர். நீ அந்த மஞ்சள் உருளைகளை மடியில் வைத்துக்கொண்டே ஊர் திரும்பினாய். போளூர் ரோட்டில் கரீம் பாய் பட்டறையில் ஒரே நாளில் மாட்டி முடித்து, டம்ளர் நிறைய டீயை முன்னால் கண்ணாடியை ஒட்டி வைத்து, கிரிவலப் பாதையில் உன் வீடு வரைக்கும் ஓட்டினாய். நான் பக்கத்தில் இருந்தேன். சிந்திய டீ ஒரு சொட்டு. அதுவும் ஆடு குறுக்கே வந்ததால்.

"தேடினா எங்கனா இன்னொரு செட்டு கிடைக்கும். உனக்கும் பாக்கட்டா?" என்றாய்.

அதற்கு நான் ஆற்றிய உரையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. எளிமை என்றேன், தேவை வேறு ஆசை வேறு என்றேன். ஒரு விவசாயி வீட்டிலும் ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக் குடிக்காதவன் நான் என்று சம்பந்தமில்லாமல் சொன்னேன். அத்தோடு விடாமல் நம் ஊர் மாதப் பத்திரிகையில் 'கழுதைக்குக் குதிரைக் கால்' என்று ஒரு கட்டுரையும் எழுதினேன். லாயக்கற்றது என்று அரசாங்கம் சான்றிதழ் கொடுத்த ஜீப்புக்கு மஞ்சள் செருப்பு வாங்கி மாட்டிய ஒரு கனவானைப் பற்றி. பெயர் போடவில்லை. தேவைப்படவும் இல்லை. நீயே ஐந்து பிரதி வாங்கி மண்டியில் விநியோகம் செய்தாய். "நம்மள பத்திதான். டாக்டரு எழுதிக்கிறாரு."

அதற்கடுத்த மாதம்தான் மல்லிகா மூன்றாவது முறை உண்டானாள்.

முதல் இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் இழந்திருந்தோம். இரண்டாவது, என் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய மறுநாள். ரோட்டுக் குலுக்கலால் கரு கலைவதில்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் படித்தவன்தான், எத்தனையோ கன்றுகளை இழுத்து எடுத்தவன். ஆனால் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற ஒருத்தியைப் பக்கத்தில் வைத்து ஓட்டும்போது படிப்பு பேசுவதில்லை. மூன்றாவது முறை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு அனுப்பினார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். "குலுங்காம கூட்டிட்டு வாங்க" என்றார். எங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலைக்கு அப்போது இருந்தது ரோடு அல்ல, ரோடு போடப்போகிற இடம்.

நீ டீ குடிக்க வந்தவன் டீயைத் தொடாமல் சொன்னாய். "வண்டிய மாத்திக்கலாம். என்னோடத நீ எடு, உன்னோடத நான் ஓட்றேன். இல்லன்னா என் வீட்டு மாடி சும்மாதான கெடக்குது, அங்க வந்து இருங்க."

இரண்டையும் மறுத்தேன். கட்டுரை எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கேலி செய்த சொகுசில் நானே போய் உட்கார முடியுமா? இரவல் சொகுசு வேண்டாம் என்று சொன்னேன். கொள்கை என்ற சொல்லையும் பயன்படுத்தினேன் என்று நினைவு.

நீ எழுந்து நின்றாய். "உன் கொள்கைய உன் பொண்டாட்டி வயித்துல ஏன்யா எறக்கி வெக்கற?"

அதற்குப் பிறகு பத்து நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பத்து நாளில் மூன்று நாள் நான் கோமாரி தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டேன், துறை வண்டியில். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். டயரில் காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறையும் என்று எதிலோ படித்திருந்தேன். நான்கு டயரிலும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து மல்லிகாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது வண்டி மிதந்தது.

வேறு சொல் இல்லை. மரப்பாலத்துப் பள்ளத்தில் இறங்கி, படகு மாதிரி ஏறி வந்தது. மல்லிகா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "காத்து" என்றேன். "காத்தைக் குறைச்சேன். அவ்வளவுதான் விஷயம். எல்லாம் அறிவுதான்." அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றியால் கண் கலங்கிவிட்டது என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அது சிரிப்பு என்று எனக்குத் தெரிய ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஐந்தாம் மாதம் கடந்தது. ஏழு கடந்தது. பெண் பிறந்தாள், நிறைமாதக் குழந்தை, நல்ல குரல். ஆஸ்பத்திரி வாசலில் உன்னிடம் நான் ஒரு மணி நேரம் பேசினேன், குழந்தையைப் பற்றி அல்ல, டயர் காற்றைப் பற்றி. கிளட்சை எப்படி விடுவது, பள்ளத்துக்கு எத்தனை அடி முன்னால் வேகத்தைக் குறைப்பது என்று விளக்கினேன். நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். "காத்துலயே இவ்ளோ இருக்குதா டாக்டரே! நீ ஓட்ற மாதிரி யாரால ஓட்ட முடியும்!" அதன்பேரில் 'பதமாக ஓட்டுவது எப்படி' என்று இன்னொரு கட்டுரை எழுதினேன். அதற்கும் ஐந்து பிரதி வாங்கினாய்.

அந்த வருடத்திலிருந்து உன்னிடம் சில மாற்றங்களைக் கவனித்தேன். கவனிப்பதுதானே என் தொழில். மேலே போகும்போது காலி வண்டியில் நான்கு மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாய். மலைக்கு மணல் ஏற்றுமதி செய்கிற முதல் வியாபாரி என்றேன். பழைய லாரி டியூபை மடித்துத் தைத்து இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாய். மூலமா என்று விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, உனக்குப் பக்தி வந்தது. அதுவரை கிரிவலக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதைத் தவிர உனக்கும் அண்ணாமலையாருக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் "அண்ணாமலையாரே!" என்று அழைத்தாய்.

ஒருமுறை சீக்கு மாடு ஒன்றைப் பார்க்க உன் வண்டியில் ஜமுனாமரத்தூருக்கு வந்தேன். ஏழாவது வளைவில் மதகு உடைந்து கிடந்த இடத்தில் என் தலை கூரையில் மோதியது.

"எங்கய்யா உன் டீலக்ஸு?" என்றேன்.

"மலை ரோடு தின்னுடுச்சு டாக்டரே."

எனக்கு அன்று ஏற்பட்ட திருப்தியை விவரிக்க வெட்கமாக இருக்கிறது. என் கட்டுரை நிரூபணமாகிவிட்டது. கீழே இறங்கியதும் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். மஞ்சள் பளபளவென்று இருந்தது. "வண்ணம் மட்டும் மிச்சம்" என்றேன். "ஆமா, வண்ணம் நல்ல வண்ணம்" என்றாய், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு. நிமிர உனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பின்னாளில் அந்தக் கொஞ்சம் நேரம் அதிகமானது. கடைசி மூன்று வருடம் நீ வளைந்தேதான் நடந்தாய். நெஞ்சுவலியில், காலை வேளையில், மண்டியில் சாமை மூட்டைமேல் சாய்ந்தபடி போனாய். முதுகுக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். நம்புகிறேன். நம்பித்தான் ஆகவேண்டும்.

போன வாரம் வண்டியில் முன்பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது என்று கரீம் பாயிடம் விட்டேன். வேங்கிக்காலில் வீடு கட்டி வந்த பிறகு எனக்கு மலை ரோடு இல்லை. வண்டி சும்மாதான் நிற்கிறது. அவர் உருளையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பேசிக்கொண்டே துடைத்தார். கறுப்பு உரிந்து வந்தது. அடியில் மஞ்சள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு வண்டியின் சாமானைத் துடைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பாய், இது யார் வண்டிது?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "உங்களுதுதான் டாக்டர்."

"என்னோடது கறுப்பு."

"வருஷா வருஷம் நான்தான் கறுப்பு அடிப்பேன். ரெண்டு தபா சீல் மாத்தினேன். உங்ககிட்ட கிரீஸ் வெச்சேன்னு சொல்லுவேன். பட்டையும் அவருதுதான், ஆறு. குனிஞ்சி எண்ணிப் பாருங்க." துணியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னு என் தலையில கைய வெச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. அவரே போயிட்டாரு. இனிமே யாருக்கு டாக்டர் கறுப்பு அடிக்கறது?"

"அப்ப அவர் வண்டியில இருந்தது?"

"உங்களுது. மஞ்சள் அடிச்சி மாட்டினோம்."

பட்டறையில் கவிழ்த்துப் போட்டிருந்த டின்னின்மேல் உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கான மாடுகளின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தவன் நான். என் வண்டியின் அடிவயிற்றை ஒன்பது வருடமாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். கரீம் பாய் டீ வரவழைத்தார். உட்கார்ந்த இடத்தில், வண்டியில்லாமல், டம்ளரிலிருந்து அவ்வளவும் சிந்தியது.

அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வண்டியை எடுக்கவில்லை என்பது வாசலில்தான் நினைவு வந்தது. கையில் இந்த உருளை மட்டும் இருந்தது, செய்தித்தாளில் சுற்றி.

மல்லிகா கதவைத் திறந்தாள். "உனக்கு ஒண்ணு காட்டணும்" என்றேன்.

பொட்டலத்தைப் பார்த்தாள். "மஞ்சளா?" என்றாள்.

நான் இன்னும் பிரிக்கவே இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான சாவி குடுத்தேன். நீங்க கோமாரி ஊசிக்குப் போனீங்களே, மறுநாள் காலையில அண்ணன் வந்தாரு. 'தங்கச்சி, சாவியக் குடும்மா, அந்த ஆளுக்குத் தெரிய வாணாம்'னாரு. சாயங்காலம் கொண்டாந்து விட்டாரு. கையெல்லாம் பெயிண்டு."

"ஒன்பது வருஷம்."

"சொல்லியிருந்தா கழட்டித் திருப்பி அனுப்பியிருப்பீங்க. அப்புறம் அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருப்பீங்க."

பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.

"பொண்ணு பொறந்த அன்னிக்கே சொல்லிடலாம்னேன். அண்ணன்தான், 'இரும்மா, இப்பதான் டயரு காத்துல டாக்டரு பட்டம் வாங்கிக்கிறாரு, கெடுக்காத'ன்னாரு. குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் திருப்பி மாத்திக்கலாம்னாரு. அப்புறம் ஸ்கூலுக்குப் போறா, போகட்டும்னாரு. அப்புறம் எனக்குப் பழகிடுச்சும்மான்னாரு." மஞ்சளை விரலால் தடவிவிட்டுச் சொன்னாள்: "பழகல. எனக்குத் தெரியும்."

மறுநாள் அடி அண்ணாமலைக்குப் போனேன், பஸ்ஸில். உன் ஜீப் கொட்டகையில் நின்றது. காயலான் கடைக்காரன் பார்த்துவிட்டுப் போயிருந்தான். நான் கீழே படுத்தேன், வெள்ளைச் சட்டையோடு. பட்டைகளை எண்ணினேன். பத்து. வீட்டுச் சாவியால் உருளையைச் சுரண்டினேன். மஞ்சள் போய்க் கறுப்பு வந்தது.

எழுந்தபோது உன் வீட்டம்மா நின்றிருந்தார்கள். "தெரிஞ்சிபோச்சா அண்ணே?" என்றார்கள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"அவரு முதுவுக்கு எண்ண தேச்சவ நான். எனக்குத் தெரியாதா?" கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஒரு நாளு கேட்டேன், போயி சொல்லி வாங்கிக்கினு வாயேன்னு. மாட்டேன்னுட்டாரு. உங்க பொண்ணு ஊட்டுக்குள்ள வரும்போது பாக்கணுமே. அதுவரிக்கும் குனிஞ்சிக்கினு கெடப்பாரு, 'பெரியப்பா'ன்னு கொரலு கேட்டா போதும், நிமுந்து உக்காந்துக்குவாரு. அது போனப்புறம்தான் ஐயோ அம்மான்னு சாய்வாரு."

பிறகு ஜீப்பின் முன்பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே 'பதமாக ஓட்டுவது எப்படி'. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, மறுபடி கிழிந்து. "மேல போற வழியில வண்டிய நிறுத்திட்டு இதப் படிப்பாராம். தனியா சிரிச்சிக்குவாராம். அப்புறம் வலி தெரியாதுன்னுவாரு."

என் எழுத்தால் யாருக்காவது பயன் உண்டா என்று நீ அடிக்கடி சீண்டுவாய். பதிலை முன்பெட்டியிலேயே வைத்திருந்திருக்கிறாய்.

கரீம் பாயிடம் திரும்பிப் போனேன். என் வண்டியில் இருந்த உன் உருளைகள் நான்கும் முடிந்துவிட்டன, பட்டைகளும் தளர்ந்துவிட்டன என்றார். "கம்பெனியில இப்ப இருக்கற புது மாடலுக்கு ஒண்ணு வந்திருக்குது டாக்டர். அருமையான சாமான். துளை அதேதான், அப்படியே மாட்டிடலாம்."

"அவர் வண்டியில இருக்கறத மாட்டுங்க."

"அது கல்லு டாக்டர். இந்த வயசுல முதுவு போயிடும்."

"அது என்னோடது பாய். ஏலத்துல எடுத்தது."

அவர் அடி அண்ணாமலையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தார். மஞ்சளைச் சுரண்டிவிடட்டுமா என்று மட்டும் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

நேற்றுக் காலை உன் லாரி டியூபை வாங்கிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டேன். அதன்மேல் நான் உட்காரவில்லை, பக்கத்து இருக்கையில் போட்டேன். மணல் மூட்டையும் ஏற்றவில்லை. ரோடு இப்போது பரவாயில்லை, தார் போட்டுவிட்டார்கள். இருந்தும் முதல் பத்துக் கிலோமீட்டரில் என் கட்டுரையின் எல்லா யோசனைகளையும் கையாண்டு பார்த்துவிட்டேன். டயரில் காற்றும் குறைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் ஒரு பலனும் இல்லை. அத்தனை வருடம் ஒரு வெறும் பொய்யைத் தலைப்புப் போட்டு அச்சிட்டு வைத்திருந்திருக்கிறேன், நீ அதைப் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறாய்.

ஏழாவது வளைவில் மதகை இன்னும் கட்டவில்லை. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வேகத்தைக் குறைத்து, கிளட்சை மெல்ல விட்டு, பதமாகத்தான் இறக்கினேன். அடி இடுப்பில் விழுந்து நேராகப் பின்மண்டைக்கு ஏறியது. பல் நாக்கைக் கடித்தது. அப்போது வண்டிக்குள் ஒரு குரல் கேட்டது.

"அண்ணாமலையாரே!"

என் குரல்தான். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அது இன்றைக்கும் அப்படியேதான். அங்கே வேறு எந்தச் சொல்லும் வராது, அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டினேன். நீ எங்கே நிறுத்தியிருப்பாய் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பாறை ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. உறையிலிருந்து கட்டுரையை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். இரண்டாவது பத்தியில் நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு வெகுநேரம் வண்டியை எடுக்க முடியவில்லை.

இன்று காலை கட்டிலை விட்டு எழ முடியவில்லை. மல்லிகா எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்து, எந்த இடம் என்று கேட்டாள். காட்டினேன். அவள் விரலை அங்கே வைத்தாள்.

"அண்ணனுக்கும் இதே இடம்தான்னு அக்கா சொல்லுவாங்க."

எண்ணெய் வேண்டாம் என்றேன். மேசையை நோக்கித் தலையைத் திருப்பிப் படுத்துக்கொண்டேன். அங்கே உன் மஞ்சள் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. வாசலில் மகள் பள்ளிக்கூடப் பையோடு நின்று கூப்பிட்டாள். "அப்பா, கிளம்பறேன்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.